கொள்ளு என்றால் வாய் திறக்கும்

ஆட்டையாம்பட்டி என்றால் முறுக்கு. வெளியூர்க்காரர்கள் பலருக்கும் அந்த ஊரைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. ஊரைத் தாண்டி நாலு பக்கமும் கண்ணை ஓட்டினால், முறுக்கு அங்கே பேர் வாங்கியதில் வியப்பில்லை என்று தோன்றும். காட்டுக்குக் காடு மரவள்ளி. கிழங்கை அரைத்து ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலைகள். மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி வெயிலில் காய்ந்து மாட்டுத் தீவனமாகப் போகிறது. தெற்கே நாமக்கல் பக்கம் இறங்கினால் கோழிப்பண்ணைகளுக்கு லாரி லாரியாக மக்காச்சோளம். அரிசி, கிழங்கு, சோளம் என்று மாவுச்சத்தை நம்பிப் பிழைக்கிற சீமை இது.

இந்தச் சீமையில் ஒரு தோட்டத்து வீட்டுக்குக் குட்டிக்குதிரை ஒன்று வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டியதில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகையை ஒட்டிக் கூடும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் விலைக்கு நிற்கும். மார்வாரி, கத்தியவாரி என்று நிமிர்ந்து பார்க்க வைக்கும் குதிரைகளுக்கு நடுவே, இடுப்பு உயரத்தில் மட்டக்குதிரையும் நிற்கும். குழந்தைகளின் கால் அந்த இடத்தைவிட்டு நகராது. அப்பாக்கள் பணத்தை எண்ணுவார்கள்.

வந்த முதல் மாதம் தோட்டமே திருவிழா. பாட்டி ஊறவைத்த கொள்ளை ஒரு கை அள்ளிப் போடுவார். பேரன் முறுக்கை ஒடித்து நீட்டுவான். பக்கத்துக் காட்டுக்காரர் வரும்போதெல்லாம் மடியில் ஒரு வெல்லக்கட்டி இருக்கும். மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது இதற்கும் ஒரு சட்டி. கொள்ளு என்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் வாய் மூடும் என்பார்கள். இந்தக் குதிரைக்குக் கடிவாளமே கிடையாது. ஏறி ஓட்ட ஆள் இல்லை, இழுக்க வண்டி இல்லை. நாள் முழுக்க வேப்பமரத்தடியில் நிற்பதும் தின்பதும்தான் வேலை.

ஆறேழு மாதத்தில் முதுகு நடுவே வாய்க்கால் விழுகிறது. விலாவைத் தடவினால் எலும்பு தட்டுப்படுவதில்லை. பிடரி தடித்து, அழுத்தினால் கல்லுபோல் நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் "நல்லாத் தேறிடுச்சுங்க" என்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் அது நகர மறுக்கிறது. முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னங்காலுக்குத் தள்ளி, நாற்காலியில் உட்காரப் போகிறவரைப் போல நிற்கிறது. திருப்பினால் நெருப்பை மிதித்ததுபோல் காலை மாற்றி மாற்றி வைக்கிறது. குளம்பைத் தொட்டால் சுடுகிறது. "முள்ளுக் கிள்ளு ஏறிருக்குமுங்களா?" என்று ஒருவர் கேட்பார். "கண்ணு பட்டுருச்சு" என்பார் இன்னொருவர். இரண்டாமவர் பாதி சரி. பார்த்த கண்ணோடு ஊட்டிய கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் லாமினைட்டிஸ் என்று பெயர். தமிழில் குளம்பு அழற்சி எனலாம். ஆனால் குளம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இந்தப் பெயரை மனப்பாடம் செய்து பயனில்லை.

குதிரை குளம்பின் மேல் நிற்கிறது என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது குளம்புக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது. காலின் கடைசி எலும்பு, நம் விரல் நுனி எலும்புக்கு ஈடானது, குளம்பு என்கிற கொம்புக் கூட்டுக்குள் இருக்கிறது. அந்த எலும்பு கூட்டின் தரையில் உட்கார்ந்து பாரம் தாங்குவதில்லை. கூட்டின் உட்சுவரிலிருந்து, சுற்றிலும் கட்டிய தூளியில் பிள்ளை கிடப்பதுபோல், தொங்கியபடி பாரம் தாங்குகிறது. அந்தத் தூளித் துணிதான் விந்தை. காளானைப் பறித்துத் திருப்பினால் குடைக்கு அடியில் மெல்லிய ஏடுகள் வரிசையாகத் தெரியுமே, அதுபோல குளம்பின் உட்சுவரில் சுமார் 550 முதல் 600 ஏடுகள் செங்குத்தாக நிற்கின்றன. எலும்பைப் போர்த்திய சதையிலும் அதே கணக்கில் ஏடுகள். இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வதுபோல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பிடித்துக்கொள்கின்றன. இது போதாதென்று ஒவ்வோர் ஏட்டின் மேலும் இன்னும் நுண்ணிய ஏடுகள் 150, 200 என்று கிளைக்கின்றன. ஒரே குளம்பில் எண்பதாயிரத்துக்கும் குறையாத பிடிகள்! நடுத்தரக் குதிரை ஒன்றின் ஒற்றைக் குளம்புக்குள் இருக்கும் இந்த மடிப்புகளையெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 0.8 சதுர மீட்டர் வரும் என்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இதையே ஆயுள் முழுக்க ஆராய்ந்த கிறிஸ் பொல்லிட் கணக்கிட்டார். உள்ளங்கையில் அடங்குகிற பொருளுக்குள், தோளில் போடும் ஒரு சின்னத் துண்டு அளவுக்குத் தோல் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

எதற்கு இத்தனை மடிப்பு? பாரத்தைப் பங்கிடத்தான். பாய்ந்தோடும் குதிரை, ஒரு கணம் உடம்பு முழுவதையும் ஒற்றைக் காலில் ஏந்துகிறது. அந்த அடியை எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிடிகள் பகிர்ந்துகொள்வதால் எந்தப் பிடிக்கும் வலிப்பதில்லை. ஆனால் பிடிகள் தளர்ந்தால் போச்சு. காலின் பின்புறமாக இறங்கி எலும்பின் அடியில் வந்து சேரும் தசைநார் ஒன்று அதை ஓயாமல் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. முன்பிடி விட்டதும் எலும்பின் நுனி கீழ்நோக்கித் திரும்புகிறது. முற்றினால் குளம்பின் அடியையே குத்திக்கொண்டு வெளியே வரும். கொம்புக் கூடு இறுகியது, வீங்க இடம் தராது. அதனால்தான் அத்தனை வலி. பாரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குவதால் அவையே முதலில் விழும். அந்த நாற்காலி நிலை, வலிக்கிற காலைவிட்டு வலி குறைந்த காலுக்குப் பாரத்தைத் தள்ளுகிற முயற்சி.

பேர்போன பந்தயக் குதிரைகளையும் இந்த நோய் விடவில்லை. 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட் 1989 அக்டோபரில் குளம்பு அழற்சியால்தான் கருணைக்கொலை செய்யப்பட்டது. 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ, இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்காலை முறித்துக்கொண்டது. முறிந்த காலுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த மற்றக் கால்களில் ஏடுகள் விட்டுப்போயின. 2007 ஜனவரியில் அதன் கதையும் முடிந்தது.

நம் தோட்டத்துக் குதிரைக்குக் கால் முறியவில்லை. அதற்கு நோய் வந்த வழி வாய்.

இது புதிய அறிவு அல்ல. கிரேக்கர்கள் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே குதிரைக்கு வரும் ஒரு நோயை வாற்கோதுமை நோய் என்று தானியத்தின் பெயராலேயே அழைத்தார்கள். நம் பக்கத்துச் சாட்சி இன்னும் சுவையானது. பாண்டியர்கள் காயல் துறையில் அரபு நாட்டுக் குதிரைகளை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இறக்கிய காலம் அது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சி போடுகிறார்கள், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை, அதனால் வாங்கியவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று எழுதிவைத்தார். சற்றுப் பின்னால் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் சொல்வது இன்னும் துல்லியம். ஒரு குதிரைக்கு 220 தங்க தினார் கொடுத்து வாங்கி, கொழுக்கட்டும் என்று 40 நாள் முளையடித்துக் கட்டிப்போட்டு, வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் கொடுக்கிறார்கள். சில நாளில் மிடுக்கான குதிரை மந்தமாகி ஒன்றுக்கும் உதவாமல் போகிறது என்கிறார். தானியம், கொழுப்பு, அசையாமல் கட்டிப்போட்ட 40 நாள். நோயை வரவழைக்க இதைவிட நல்ல செய்முறையை இன்றைய ஆய்வகமும் எழுதித் தராது. வாங்கிவந்த பரிகள் இரவில் நரிகளாகிப்போன திருவிளையாடல் கதையைப் படிக்கும்போதெல்லாம், அரண்மனை லாயக்காரர்கள் யாரோ கணக்குச் சொல்லித் தப்பித்த கதையாக இருக்குமோ என்று எனக்கு ஒரு குறும்பு எண்ணம் வரும்.

தானியம் எப்படிக் காலுக்குப் போகிறது? குதிரையின் இரைப்பை உடம்புக்கு ஒவ்வாத அளவு சிறியது. மாட்டுக்கு இருக்கும் நான்கு அறைகள் அதற்கு இல்லை. மாவுச்சத்தைச் சிறுகுடல் ஓரளவுதான் செரிக்கும். மிஞ்சியது பின்னாலிருக்கும் பெரிய குருட்டுக்குடலில் போய் விழும். அங்கே நாரைத் தின்று வாழும் நுண்ணுயிர்களின் குடித்தனம். திடீரென்று மாவு வந்து கொட்டினால் நார் தின்னிகள் ஒடுங்கி, புளிக்கவைக்கும் கூட்டம் பெருகும். இட்லி மாவு பொங்குகிற அதே வேலை, குடலுக்குள்! அமிலம் ஏறிக் குடல்சுவர் கெட, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கும் நஞ்சுகள் உடம்பெங்கும் அழற்சியைக் கிளப்பி, கடைசியில் ஏடுகளின் பிடியை அறுக்கின்றன. திப்பிச் சாக்கைக் கடித்துக் கிழித்து ஓர் இரவு முழுக்கத் தின்ற குதிரைக்கு இது நேரலாம். இப்பக்கத்து மாடுகளும் அளவு தப்பித் திப்பி தின்றால் வயிற்றில் அமிலம் ஏறிக் கால் நொண்டுவதை வைத்தியர்கள் பார்ப்பதுண்டு.

ஆனால் நம் குட்டிக்குதிரை எந்தச் சாக்கையும் கிழிக்கவில்லை. தினம் ஒரு கை, தினம் ஒரு கட்டி. அதற்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விதான் வைத்தியர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. விடை குவீன்ஸ்லாந்தில் 2007இல் கிடைத்தது. நோய் தொடாத, நல்ல உடம்புள்ள மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து இரத்தக்குழாயில் ஏற்றினார்கள்; சர்க்கரை இறங்காதபடி குளுக்கோசும் சேர்த்தே ஏற்றினார்கள். குடலில் கோளாறில்லை, இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது. இருந்தும் மூன்று நாளுக்குள் அவற்றுக்குக் குளம்பு அழற்சி வந்துவிட்டது. இன்சுலின் மட்டுமே மிகுந்தாலும் ஏடுகளின் செல்கள் இழுபட்டு நீண்டு பிடி தளர்கின்றன என்பது அதன்பிறகு ஐயமில்லாமல் தெரிந்தது.

மனிதர்களின் சர்க்கரை நோயோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கொழுத்த உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை என்பதுவரை இருவருக்கும் ஒரே கதைதான். நமக்குக் கணையம் ஒரு கட்டத்தில் களைத்துப்போகும், சர்க்கரை ஏறும். குதிரையின் கணையம் அவ்வளவு எளிதில் களைப்பதில்லை. கேட்காத உடம்பைக் கேட்கவைக்க மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் சர்க்கரையை அளந்தால் எல்லாம் சரியாகத் தெரியும். இன்சுலினையே அளந்தால்தான் குட்டு வெளிப்படும். நம் சர்க்கரை நோய் முற்றினால் காலையும் தேடி வரும் என்பதை நினைத்தால், விலங்குக்கும் நமக்கும் இடையில் இப்படியும் ஓர் உறவா என்று இருக்கிறது.

ஏன் சின்னக் குதிரைகளுக்கே இது அதிகம்? அவற்றின் மூதாதையர் வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இன்றைய குட்டிக்குதிரை வகைகளின் இரத்தத்தில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளின் மட்டக்குதிரை கலந்திருக்கிறது. குளிர்காற்றும் குட்டைப் புல்லுமாக இருக்கும் தீவு அது. பிரிட்டனில் 1842இல் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் இறங்கத் தடை வந்தபின், நிலக்கரி வண்டி இழுக்க இவற்றைத்தான் இருட்டுக்குள் இறக்கினார்கள். பசியையும் பாரத்தையும் தாங்கித் தேறிய உடம்பு. நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவில் ஐரோப்பியர் விட்டுச்சென்ற மட்டக்குதிரைகள் காட்டுக்குதிரைகளாகவே திரிகின்றன. பவளப்பாறைத் தரை, உப்புக்காற்று, கோடையில் வற்றும் குட்டைகள். அங்கே வறட்சிதான் எமன். புல்லுக்கும் தண்ணீருக்கும் அலைந்தே வருடம் கழியும். மழைக்காலத்தில் கிடைத்ததைக் கொழுப்பாக்கிப் பிடரியில் சேமித்துக் கோடையைக் கடக்கும் உடம்புக்குத்தான் இப்படிப்பட்ட இடங்களில் வாழ்வு. அந்தச் சேமிப்புப் புத்தியோடு பிறந்த குதிரையை, கோடையே வராத ஓர் அடுப்படிக்குப் பக்கத்தில் கட்டிவைத்தால் என்ன ஆகும்?

பிடரி என்றதும் நினைவு வருகிறது. முனியப்பன் கோயில்களிலும் அய்யனார் கோயில்களிலும் நிற்கும் மண்குதிரைகளைப் பாருங்கள். கழுத்து வில்லாய் வளைந்து, பிடரி தடித்து, வயிறு உருண்டு நிற்கும். கொழுத்த குதிரையே அழகு என்று நம் கண் பழகியது இப்படித்தானோ? மருத்துவர்கள் அந்தத் தடித்த பிடரியை 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, ஏற ஏற ஆபத்து என்கிறார்கள்.

சரி, கொழுத்ததை இளைக்கவைப்பது எப்படி? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை இங்கே எடுத்துக்கொண்டு வராதீர்கள். அது மனிதருக்குச் சொன்னது. கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு புரதம், 57 பங்கு மாவு முதலானவை. வண்டி இழுத்து வேர்த்த 400 கிலோ குதிரைக்கு அது கூலி. சும்மா நிற்கும் 90 கிலோ குட்டிக்குதிரைக்கு அது கடன். இதற்கு ஒரு கைப்பிடி என்பது பெரிய குதிரைக்கு நாலைந்து கைப்பிடிக்குச் சமம் என்பதை வீட்டில் யாரும் கணக்குப் போடுவதில்லை.

முதல் வேலை அளப்பது. எடைமேடை வேண்டாம், தையல்காரரின் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவு, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை அதே நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். நெஞ்சளவு 105, நீளம் 100 என்றால் சுமார் 93 கிலோ. குட்டிக்குதிரைக்கு இந்தச் சூத்திரம் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். அதனால் எண்ணைவிட, வாரத்துக்கு வாரம் டேப் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பார்ப்பதே மேல்.

அடுத்தது தட்டு. உடல் எடையில் ஒன்றரை சதவீதம் உலர் தீவனம் என்பது கணக்கு. நம் 93 கிலோவுக்கு, புல்லில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் சேர்த்து, நாளுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் காய்ந்த புல், அவ்வளவுதான். தவிடு, திப்பி, வெல்லம், முறுக்கு எல்லாம் பூஜ்யம். அந்தப் புல்லையும் ஒரே வேளையில் கொட்டாமல் சிறு கண் வைத்த வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் இழுத்து இழுத்துத் தின்ன நேரம் பிடிக்கும். புல்லை முக்கால் மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. கரையும் சர்க்கரையில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். ஐரோப்பியக் குளிர்நாட்டுப் புற்களுக்குச் சொன்ன வித்தை இது. நம் வெப்பநாட்டுப் புற்கள் மிச்சச் சத்தைப் பெரிதும் மாவாகவே சேமிக்கின்றன, மாவு தண்ணீரில் கரையாது. அதனால் இங்கே பாதிப் பலன்தான். கொழுக்கட்டைப்புல்லும் கம்பு நேப்பியரும் இப்பக்கம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் இரண்டிலும் ஆக்ஸலேட் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட, உடம்பு தன் எலும்பையே கரைத்து ஈடுசெய்யும். தாது உப்புக் கலவை கொடுக்காமல் அவற்றை மட்டுமே நம்பக் கூடாது. மேய்ச்சலுக்கு விட்டால் வாய்க்கூடை. போரடிக்கும்போது மாட்டுக்குப் போடுவோமே, அதேதான். அடியில் ஒரு சிறு ஓட்டை வைத்தால் நாலு புல் நுனி மட்டும் வாய்க்குள் போகும்.

ஆர்வக்கோளாறில் பட்டினி போடுகிறவர்களும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கழுதைக்கும் மட்டக்குதிரைக்கும் தீனி திடீரென்று நின்றால் சேர்த்துவைத்த கொழுப்பு அணை உடைந்ததுபோல் இரத்தத்தில் பாயும். ஈரல் திணறும், இரத்தம் எடுத்துத் தெளியவைத்தால் மேலே நிற்கும் நீர் பால்போல் கலங்கியிருக்கும். அந்தக் கட்டத்தில் பல உயிர்கள் தப்புவதில்லை. ஆகவே இளைப்பது வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ என்ற நிதானத்தில்தான்.

வலி வந்துவிட்ட அன்று மட்டும் கணக்கு வேறு. நடத்திப் பார்த்தால் சரியாகும் என்று மேய்ச்சலுக்கு இழுத்துப் போகவே கூடாது. அறுந்துகொண்டிருக்கும் தூளியில் பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற வேலை அது. ஆழமாக ஆற்றுமணல் பரப்பி அதில் நிற்கவிடலாம், படுத்தால் விட்டுவிடலாம். மீன்காரர்களிடம் கிடைக்கும் ஐஸை உடைத்துத் தண்ணீரில் போட்டு, முழங்காலுக்குக் கீழ்வரை குளிரில் வைத்தால், தொடக்கத்திலேயே செய்தால், ஏடுகள் காப்பாற்றப்படலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கால்நடை மருத்துவரை அழைக்க மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. எலும்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை எக்ஸ்ரே ஒன்றே சொல்லும். 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கிருந்து தொலைவில்லை. குளம்பு சீவும் வேலையை அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிக்கும் கைக்குப் பிளவுபட்ட குளம்புதான் பழக்கம். ஒற்றைக் குளம்பு வேறு கணக்கு.

வலி தணிந்தபின் குளம்பைக் கூர்ந்து பாருங்கள். சுவரில் வளையங்கள் ஓடும், அலை அலையாக. நல்ல குளம்பில் அவை ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். இந்த நோய் கண்ட குளம்பில் முன்பக்கம் நெருங்கி, குதிகால் பக்கம் விரிந்து நிற்கும். மரத்தின் வளையத்தைப் போல, வெல்லக்கட்டி வந்த மாதமும் வலி வந்த வாரமும் அங்கே பதிவாகியிருக்கும். குளம்பு மயிர்க்கோட்டிலிருந்து மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கீழிறங்குகிறது. முன்னங்குளம்பின் நுனி முழுதாகப் புதிதாக ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். ஆடியில் விழுந்த வளையம், தட்டில் கை கட்டுப்பட்டிருந்தால், அந்தியூரில் மறுபடி சந்தை கூடும்போது தரையைத் தொட்டுத் தேய்ந்துகொண்டிருக்கும்.